‘இதய ஆபத்து 11 சதவீதம்’: இந்தக் கணக்கைப் போட்டவர் யார்?

முழு உடல் பரிசோதனை ரிப்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் இப்போதெல்லாம் ஒரு வரி சேர்ந்து வருகிறது. ‘10 ஆண்டு இதயநோய் ஆபத்து: 11 சதவீதம்’. மேலே இருக்கிற சர்க்கரை, கொலஸ்ட்ரால் எல்லாம் ரத்தத்தை எடுத்து அளந்தவை. இதை எந்தக் கருவியும் அளக்கவில்லை, உட்கார்ந்து கணக்குப் போட்டது. ஆனால் அது தெரியாததால் ஒருவர் ‘ரத்தக்குழாயில் 11 சதவீத அடைப்பு’ என்று படித்துவிட்டு ஆஞ்சியோ பண்ண வேண்டுமா என்று கேட்கிறார், இன்னொருவர் ‘11தானே’ என்று அன்று சாயங்காலமே பரோட்டாக் கடைக்குப் போகிறார். இரண்டுமே தப்பு.

இந்த எண்ணைப் புரிந்துகொள்ள நல்ல வழி, இதை முதலில் கணக்காக்கியவரின் வேலையைப் பின்தொடர்ந்து போவது. அவர் ஜெரோம் கார்ன்ஃபீல்ட், அமெரிக்கர். டாக்டர் இல்லை. கணிதப் பட்டமும் இல்லை.

முதலில் நான்கு சொற்கள்

1. நோய்ப்பரவலியல்: ஒரு நோயாளியை விட்டுவிட்டு ஊரையே பார்ப்பது. யாருக்கு நோய் வருகிறது, யாருக்கு வரவில்லை, இரண்டு கூட்டத்துக்கும் என்ன வித்தியாசம் என்று எண்ணிப் பார்க்கிற துறை.

2. ஆபத்து: இங்கே இந்தச் சொல்லுக்குப் பயமுறுத்தும் அர்த்தம் கிடையாது. 100 பேரை 10 ஆண்டு கவனித்தோம், 11 பேருக்கு மாரடைப்பு வந்தது என்றால் ஆபத்து 11 சதவீதம். கால அளவைச் சொல்லாத ஆபத்துக்கு அர்த்தமே இல்லை.

3. ஆட்ஸ்: வந்தவர்களை மொத்தப் பேரால் வகுக்காமல் வராதவர்களால் வகுப்பது. அதே 100 பேரில் 11-க்கு 89. சூதாட்டக்காரர்களின் பழைய கணக்கு. இது எதற்கு என்று இப்போது தோன்றும், கொஞ்சம் பொறுங்கள், பின்னால் எல்லாமே இதன் மேல்தான் நிற்கப்போகிறது.

4. ஆபத்துக் காரணி: இருந்தால் நோய் வரும் வாய்ப்பைக் கூட்டுகிற விஷயம். புகை, ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால். காரணி இருந்தாலே நோய் வந்துவிடும் என்று பொருள் இல்லை, இல்லாவிட்டால் வராது என்றும் பொருள் இல்லை.

வரலாறு படித்தவர்

கார்ன்ஃபீல்ட் 1912-இல் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் பிறந்தவர். 1933-இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் பி.ஏ. வாங்கினார், பாடம் வரலாறு. பொருளாதார மந்தத்தின் உச்சம், வேலை கிடைப்பதே பெரிய காரியம். வாஷிங்டனில் தொழிலாளர் புள்ளிவிவர அலுவலகத்தில், அதாவது விலைவாசியையும் வேலையின்மையையும் எண்ணுகிற அரசு அலுவலகத்தில் சேர்ந்து, வேலை பார்த்துக்கொண்டே புள்ளியியல் கற்றுக்கொண்டார். அதற்கப்புறம் வேறு பட்டம் எதுவும் வாங்கவில்லை. பின்னாளில் இவரே ஜான்ஸ் ஹாப்கின்ஸில் உயிரிப்புள்ளியியல் துறைக்குத் தலைவர், 1974-இல் அமெரிக்கப் புள்ளியியல் சங்கத்தின் தலைவர்.

1947-இல் தேசியப் புற்றுநோய் நிறுவனத்துக்கு வந்தார். மருத்துவத்துக்குள் அவர் நுழைந்தது இந்த வழியாகத்தான். இதயத்துக்குப் போகும் முன் நுரையீரலில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் இதய ஆபத்துக் கணக்கின் பாதிச் சாமான்கள் அங்கேதான் தயாராயின.

பின்னோக்கிக் கேட்டு முன்னோக்கிச் சொல்வது

1950-இல் லண்டனில் டால், ஹில் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். நுரையீரல் புற்றுநோய் உள்ள 649 ஆண்கள், வேறு நோய்க்காக ஆஸ்பத்திரியில் இருந்த 649 ஆண்கள். எல்லாரிடமும் புகைப்பழக்கத்தைப் பற்றிக் கேட்டார்கள். புற்றுநோய்க்காரர்களில் புகைக்காதவர்கள் 2 பேர். மற்றவர்களில் 27 பேர்.

பார்த்தவுடனே ஏதோ இருக்கிறது என்று தெரிகிறது. ஆனால் ‘புகைத்தால் ஆபத்து எத்தனை மடங்கு?’ என்று கேட்டால் நேராகப் பதில் சொல்ல முடியாது. நோயாளிகள் 649 பேர் என்பது ஆய்வு செய்தவர்கள் எடுத்துக்கொண்ட எண். ஊரில் இத்தனை பேரில் இத்தனை பேருக்கு வந்தது என்ற தகவல் அதில் இல்லவே இல்லை. அப்புறம் எதை எதால் வகுப்பது?

கார்ன்ஃபீல்ட் 1951-இல் காட்டியது இது. ஆபத்தை விடுங்கள், ஆட்ஸைப் பாருங்கள். நோயாளிகளில் புகைத்தவர் 647-க்கு புகைக்காதவர் 2, மற்றவர்களில் 622-க்கு 27. குறுக்கே பெருக்கி வகுத்தால், 647 × 27 வகுத்தல் 622 × 2, ஏறத்தாழ 14. பின்னோக்கிக் கேட்டாலும் சரி, முன்னோக்கிக் கவனித்தாலும் சரி, இந்த விகிதம் மாறாது. நோய் அரிதாக வருகிற ஒன்றாக இருந்தால் ஆட்ஸும் ஆபத்தும் கிட்டத்தட்ட ஒன்றுதான் (100-இல் 2 என்பதும் 98-க்கு 2 என்பதும் பக்கத்துப் பக்கத்து எண்கள்), ஆகவே ‘ஏறக்குறைய 14 மடங்கு’ என்று தைரியமாகச் சொல்லலாம். இப்படி நோயாளிக் கூட்டத்தையும் ஒப்பிட இன்னொரு கூட்டத்தையும் எடுத்துப் பின்னோக்கிக் கேட்டு, ஆபத்து எத்தனை மடங்கு என்று பேசுகிற ஆய்வுகள் இன்றும் இந்தக் குறுக்குப் பெருக்கலைத்தான் நம்பி இருக்கின்றன.

ஃபிஷரோடு மோதல்

எதிர்ப்பு வந்த இடம் சாதாரண இடம் இல்லை. நவீனப் புள்ளியியலின் பெரும்பகுதியை உருவாக்கிய ரொனால்ட் ஃபிஷர், பைப் புகைப்பவர், புகையிலைத் தயாரிப்பாளர்களுக்கு ஆலோசகராகவும் இருந்தவர், ‘புகை காரணம் இல்லை, ஒரு மரபணுவே புகைக்கவும் தூண்டலாம், புற்றுநோயையும் கொண்டுவரலாம்’ என்றார். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். அந்த மரபணுவை யாரும் பார்த்ததில்லை என்பதால் மறுக்கவும் வழியில்லை என்று தோன்றும்.

1959-இல் கார்ன்ஃபீல்டும் ஐந்து சகாக்களும் எழுதிய கட்டுரை இதற்குக் கொடுத்த பதில் எனக்கு மிகவும் பிடித்த வாதங்களில் ஒன்று. மரபணு இருக்கிறதா இல்லையா என்ற சண்டைக்கே அவர்கள் போகவில்லை. சரி, இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம், புகைக்கு இதில் பங்கே இல்லை என்றும் வைத்துக்கொள்வோம். புகைப்பவர்களுக்கு ஆபத்து 9 மடங்கு என்றால், அந்த மரபணு புகைக்காதவர்களிடம் இருப்பதைவிடப் புகைப்பவர்களிடம் குறைந்தது 9 மடங்கு அதிகமாக இருந்தே ஆக வேண்டும். புகைக்காதவர்களில் 10 சதவீதம் பேருக்கு அது இருந்தால் புகைப்பவர்களில் 90 சதவீதம் பேருக்கு இருக்க வேண்டும். அப்படியொரு மரபணு இத்தனை நாள் யார் கண்ணிலும் படாமலா இருக்கும்? கண்ணுக்குத் தெரியாத ஒன்றைக் காரணம் காட்டுகிறவர், அது எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதற்கும் கணக்குச் சொல்ல வேண்டியதாயிற்று.

ஃபிராமிங்ஹாமின் காலிப் பெட்டிகள்

1945 ஏப்ரலில் அதிபர் ரூஸ்வெல்ட் மூளையில் ரத்தக்கசிவால் இறந்த அன்று அவருடைய ரத்த அழுத்தம் 300/190. வயதானால் பிரஷர் ஏறத்தான் செய்யும் என்று பல டாக்டர்கள் விட்டுவிட்ட காலம் அது. 1948-இல் தேசிய இதயச் சட்டம் வந்தது, அதே ஆண்டில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஃபிராமிங்ஹாம் என்ற சிறு ஊரில் தொடர் ஆய்வும் தொடங்கியது. ஆணும் பெண்ணுமாக 5,209 பேர். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வரவழைத்து முழுப் பரிசோதனை. யாருக்கு மாரடைப்பு வருகிறது என்று காத்திருப்பதுதான் ஆய்வே.

ஆண்டுகள் போகப் போக விவரங்கள் குவிந்தன. தாமஸ் டாபர், வில்லியம் கேனல் குழுவினர் 1961-இல் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பிலேயே ஆபத்துக் காரணிகள் என்ற பொருள் வந்துவிட்டது. ஆனால் கணக்கு அதற்கு மேல் நகராமல் முட்டிக்கொண்டு நின்றது. ஏன் என்று பார்ப்போம்.

பிரஷர் மட்டும் என்றால் எளிது. எட்டுப் பெட்டியாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் எத்தனை பேர், எத்தனை பேருக்கு நோய் என்று எண்ணிவிடலாம். கொலஸ்ட்ராலையும் சேர்த்தால் பெட்டிகள் பெருக்கலில் கூடும். பத்துக் காரணிகள், ஒவ்வொன்றிலும் குறைவு, நடுத்தரம், அதிகம் என்று மூன்றே மூன்று படி என்றால்கூடப் பெட்டிகள் 59,049. பெட்டிக்கு வெறும் 10 பேர் என்றாலும் ஏறத்தாழ ஆறு லட்சம் பேர் வேண்டும். ஃபிராமிங்ஹாமில் இருந்தது ஐந்தாயிரம் சொச்சம். பெரும்பாலான பெட்டிகளில் ஆளே இருக்க மாட்டார்கள். ‘52 வயது, புகைப்பவர், பிரஷர் கொஞ்சம் அதிகம், கொலஸ்ட்ரால் நடுத்தரம்’ என்று ஒருவர் வந்து என் ஆபத்து என்ன என்று கேட்டால், அவரைப் போன்ற ஆள் அந்த ஊரில் மூன்று பேர் இருந்தார்கள், மூவரும் நலம் என்றா சொல்வது?

இந்தப் பெட்டிக் கணக்கை ஜீன் ட்ரூயெட், கார்ன்ஃபீல்ட், கேனல் மூவரும் 1967 கட்டுரையில் எழுதிவைத்தார்கள். ஆனால் விடையை கார்ன்ஃபீல்ட் அதற்கு ஐந்து ஆண்டு முன்பே கண்டுபிடித்துவிட்டார். 1960-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸிலிருந்து தேசிய இதய நிறுவனத்துக்கு வந்திருந்தார், ஃபிராமிங்ஹாம் தரவு கைக்கு வந்தது.

1962: இரண்டு மணிகள், ஒரு கோடு

அவர் எடுத்துக்கொண்டது 40 முதல் 59 வயது வரையிலான 1,329 ஆண்கள். ஆறு ஆண்டில் 92 பேருக்கு இதயநோய். மேல் அழுத்தத்தை மட்டும் வைத்துப் பிரித்தால் இப்படி இருந்தது:

117-க்குக் கீழ்: 156 பேரில் 3
117–126: 252 பேரில் 17
127–136: 284 பேரில் 12
137–146: 271 பேரில் 16
147–156: 139 பேரில் 12
157–166: 85 பேரில் 8
167–186: 99 பேரில் 16
186-க்கு மேல்: 43 பேரில் 8

முதல் பெட்டியில் 2 சதவீதம், கடைசியில் கிட்டத்தட்ட 19. ஆனால் இரண்டாவது, மூன்றாவது வரிகளைப் பாருங்கள். 117–126-இல் 6.7 சதவீதம், அதைவிடப் பிரஷர் அதிகமான 127–136-இல் 4.2. அப்படியென்றால் பிரஷரைக் கொஞ்சம் ஏற்றிக்கொள்வது நல்லதா? இல்லை. பெட்டி சின்னது, அதனால் எண் தள்ளாடுகிறது, அவ்வளவுதான்.

கார்ன்ஃபீல்ட் கேள்வியைத் திருப்பிப் போட்டார். ‘இந்தப் பிரஷர் உள்ளவருக்கு நோய் வருமா?’ என்பதற்குப் பதில், ‘நோய் வந்தவர்களின் பிரஷர் எப்படிப் பரவியிருக்கிறது, வராதவர்களின் பிரஷர் எப்படிப் பரவியிருக்கிறது?’ என்று பார்த்தார். 1951-இல் செய்த அதே திருப்பல். இரண்டு கூட்டத்துக்கும் மணி வடிவில் இரண்டு வளைவுகள் வரும், நோய் வந்தவர்களின் மணி கொஞ்சம் வலப்பக்கம் தள்ளி நிற்கும். எந்தப் பிரஷரிலும் ஆட்ஸ் என்பது, அந்த இடத்தில் ஒரு மணியின் உயரத்தை இன்னொன்றின் உயரத்தால் வகுத்து, மொத்தக் கூட்டத்தின் ஆட்ஸால் பெருக்கினால் கிடைப்பது. இரண்டு மணிகளின் அகலமும் ஒன்று என்று வைத்துக்கொண்டால், அந்த ஆட்ஸின் மடக்கை (பெருக்கலைக் கூட்டலாக்கித் தரும் கணித அளவு, ஆங்கிலத்தில் லாக்) அச்சு அசலாக ஒரு நேர்கோடாக வருகிறது. கோடு என்றால் இரண்டே எண்கள் போதும், எங்கே தொடங்குகிறது, எவ்வளவு சாய்வாக ஏறுகிறது. கொலஸ்ட்ராலைச் சேர்த்தால் இன்னும் ஒரே ஒரு சாய்வு. பத்துக் காரணிக்கு 59,049 பெட்டி வேண்டியிருந்த இடத்தில் 11 எண்கள்.

இரண்டு கூட்டங்களைப் பிரித்தறியும் இந்தக் கருவியை 1936-இல் ஐரிஸ் பூ வகைகளைப் பிரிப்பதற்காகச் செய்தவர் யார் தெரியுமா? அதே ஃபிஷர். அவர் 1962-இல் இறந்தார், அதே ஆண்டில் அவருடைய கருவி மாரடைப்புக் கணக்குக்குள் வந்தது.

மேலே உள்ள அட்டவணைக்கு இன்றைய முறையில் அந்தக் கோட்டைப் பொருத்தினால் தொடக்கம் சுமார் −6.08, சாய்வு ஒரு புள்ளிக்கு 0.0243. பிரஷர் 120 என்றால் ஆறு ஆண்டு ஆபத்து 4 சதவீதம், 140 என்றால் 6.4, 180 என்றால் 15 சொச்சம். தள்ளாடிய இரண்டாம், மூன்றாம் பெட்டிகள் 4.2, 5.3 என்று வரிசைக்கு வந்துவிடுகின்றன. ஒவ்வொரு பெட்டியும் பக்கத்துப் பெட்டிகளிடம் கடன் வாங்கிக்கொள்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

குறை இல்லாமல் இல்லை. சிகரெட் எண்ணிக்கை ஒருநாளும் மணி வடிவில் பரவாது. பாதிப்பேர் பூஜ்யத்தில் இருப்பார்கள். 1967-இல் வாக்கர், டங்கன் இருவரும் மணி வடிவ அனுமானமே தேவையில்லாத வழியைக் கொடுத்தார்கள், கணினி வளர்ந்தபின் எல்லாரும் அதற்கு மாறினார்கள். லாஜிஸ்டிக் என்று இன்று எல்லாப் பாடத்திலும் வருவது அதுதான். கோடு மட்டும் அப்படியே இருக்கிறது.

இதனால் மருத்துவத்தில் என்ன மாறியது?

1. எல்லைக்கோடு உடைந்தது. 139 வரை நார்மல், 140 நோய் என்று ரிப்போர்ட்டில் கறுப்பு எழுத்தில் போடுகிறார்கள். அந்தக் கோட்டில் 140-இல் எந்தப் படியும் இல்லை. 120-இலிருந்தே ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. மருந்து எங்கே தொடங்குவது என்பது மனிதர்கள் போட்டுக்கொண்ட முடிவு.

2. காரணிகள் பெருக்கிக்கொள்கின்றன. மடக்கையில் கூட்டல் என்றால் ஆட்ஸில் பெருக்கல். பிரஷரால் ஒன்றரை மடங்கு, புகையால் இரண்டு மடங்கு என்றால் சேர்ந்து மூன்று மடங்கு. எல்லாமே ‘கொஞ்சம்தான் அதிகம்’ என்கிற ஆள், ஒன்று மட்டும் எகிறிப்போன ஆளைவிட மோசமான இடத்தில் இருக்கலாம். டாக்டர் ‘கொலஸ்ட்ரால் பார்டரில்தான் இருக்கு, ஆனாலும் மாத்திரை போடுங்க’ என்று சொல்வதன் பின்னணி இதுதான்.

3. 11 சதவீதம் என்பது உங்களைப் போன்ற 100 பேரைப் பற்றிய பேச்சு. 11 பேருக்கு வரும், 89 பேருக்கு வராது. நீங்கள் எந்தப் பக்கம் என்று அந்தக் கோட்டுக்குத் தெரியாது.

டோல்புட்டமைட் சண்டை

கார்ன்ஃபீல்ட் 1967-இல் அரசு வேலையிலிருந்து ஓய்வுபெற்றுப் பல்கலைக்கழகங்களுக்குப் போனார். ஓய்வு பெயரளவில்தான். 1970-இல் அமெரிக்காவில் ஒரு நீரிழிவு மருந்துச் சோதனையின் முடிவு வெடித்தது. சர்க்கரையைக் குறைக்கும் டோல்புட்டமைட் மாத்திரை சாப்பிட்ட 204 பேரில் 26 பேர் இதய, ரத்தக்குழாய் நோயால் இறந்திருந்தார்கள். வெற்று மாத்திரை சாப்பிட்ட 205 பேரில் 10 பேர். சர்க்கரையைக் குறைத்தால் இதயம் தப்பும் என்று எதிர்பார்த்து நடத்திய சோதனை இது என்பதை மறக்க வேண்டாம்.

மருந்தை எழுதிக்கொண்டிருந்த டாக்டர்கள் கொதித்தார்கள். மருந்துக் கூட்டத்தில் ஆரம்பத்திலேயே இதயம் பலவீனமானவர்கள் அதிகம், அதனால்தான் சாவும் அதிகம் என்றார்கள். 1971-இல் கார்ன்ஃபீல்ட் அந்தத் தரவை மறுபடி எடுத்து அலசி, தொடக்கத்தில் இருந்த வித்தியாசங்களைக் கொண்டு இந்த இடைவெளியை விளக்கிவிட முடியாது என்று எழுதினார். சண்டை நிற்கவில்லை. அந்த வகை மாத்திரைகளின் தாளில் எச்சரிக்கை அச்சாவதற்கு 1984 வரை ஆயிற்று, அவர் 1979-இலேயே இறந்துவிட்டார். நியாயமாக இன்னொன்றும் சொல்ல வேண்டும், அதே குடும்பத்தைச் சேர்ந்த கிளிமெபிரைடை லினாகிளிப்டின் என்ற வேறு வகைச் சர்க்கரை மாத்திரையோடு ஒப்பிட்ட ஒரு பெரிய சோதனையின் முடிவு 2019-இல் வந்தது, அதில் கிளிமெபிரைடால் இதயப் பாதிப்பு கூடவில்லை. ஒரு மாத்திரையின் குற்றத்தைக் குடும்பத்தின் மேல் போடலாமா என்பது தனிக் கதை.

சரி, அந்த ஊர்க் கோடு நமக்குப் பொருந்துமா?

கோட்டில் இரண்டு எண் என்று சொன்னேன். சாய்வு உடம்பின் எண். பிரஷர் ஏறினால் ஆபத்து எந்த வேகத்தில் ஏறுகிறது என்பது ஊருக்கு ஊர் ரொம்ப மாறுவதில்லை. தொடக்கப் புள்ளி அப்படி இல்லை, அது ஊரின் எண். ஃபிராமிங்ஹாமில் ஆய்வுக்கு வந்தவர்கள் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளி வெள்ளையர்கள். அந்தத் தொடக்கப் புள்ளியைத் தூக்கி வேறு மக்கள் மேல் வைத்தால் விடை மொத்தமாக மேலேயோ கீழேயோ தள்ளி நிற்கும்.

தெற்காசியர்கள் விஷயத்தில் விடை உண்மையைவிடக் குறைவாக வந்தது. இங்கிலாந்து என்ன செய்தது என்றால், 2008-இல் வந்த வழிகாட்டியில், தெற்காசிய ஆண்களுக்கு ஃபிராமிங்ஹாம் விடையை 1.4-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள் என்றது. அதாவது 11 வந்தால் 15 என்று படி. கரடுமுரடான ஒட்டுத்தான், ஆனால் எங்கே ஒட்ட வேண்டுமோ அங்கேதான் ஒட்டினார்கள். அமெரிக்காவின் 2018 கொலஸ்ட்ரால் வழிகாட்டி பெருக்கல் எதுவும் சொல்லாமல், தெற்காசிய வம்சாவளி என்பதையே ஆபத்தைக் கூட்டும் அம்சங்களின் பட்டியலில் சேர்த்தது. ஆகவே ரிப்போர்ட்டில் அந்த வரியைப் பார்த்தால் டாக்டரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இது எந்தச் சூத்திரம், யாரை வைத்துப் போட்டது என்பதுதான்.

இங்கிலாந்து இப்போது சொந்தச் சூத்திரம் வைத்திருக்கிறது, பெயர் கியூரிஸ்க். லண்டனில் இருக்கிற தமிழர் 40 வயதுக்கு மேல் டாக்டரிடம் இதயப் பரிசோதனைக்குப் போனால் இதில்தான் கணக்குப் போடுவார்கள். அதில் இனத்துக்கும் ஓர் எண் உண்டு. இந்தியர், பாகிஸ்தானியர், வங்கதேசத்தவர் என்று தனித்தனிப் பெட்டிகள். மதுரையிலிருந்து போனவர் இந்தியர் பெட்டியில் பஞ்சாபியோடும் குஜராத்தியோடும் உட்கார வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து போனவருக்குத் தனிப் பெட்டி இல்லை, ‘பிற ஆசியர்’ என்பதில் அவரைப் போட்டு, அங்கே ஏற்கெனவே இருக்கிற மற்ற நாட்டுக்காரர்களோடு சேர்த்து ஒரே எண்ணைக் கொடுக்கிறார்கள்.